இல்லத்தில் விட்டோம், உரிமையை விட்டுவிடவில்லை



சில மாதங்களுக்கு முன் எமது கிளையொன்றில் ஒரு கருமாதி வீட்டுக்குப் போயிருந்தோம். இறந்துபோன அம்மா 38 வருடங்கள் கொழுந்து பறித்தவர். மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கி நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த மூத்த மகள் மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார்.

அம்மாவின் உடலை முதியோர் இல்லத்திலிருந்து இரவு வேனில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். குளிப்பாட்டுவதற்காகத் திருப்பிய லயத்துப் பெண்கள் திடுக்கிட்டுப் போனார்கள். இடுப்புக்குக் கீழே கை அகலத்துக்குப் புண், உள்ளே எலும்பு தெரிந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அழுந்திய தடம். வேனில் வந்தவர் "காரியச் செலவுக்கு" என்று ஒரு கவரைக் கொடுத்து, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் மகனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பகல் அடக்கம் முடிந்தது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டோம். அந்த மகள் சொன்ன பதில் இன்னும் எம்மை உறுத்துகிறது. "என்னத்தச் சொல்றதுங்க? கொண்டுபோய் விட்டது நாங்கதானே. ஊரு எங்களத்தானே கேக்கும்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. முதியோர் இல்லங்களிலும் நேர்சிங் ஹோம்களிலும் எமது பெற்றோருக்கு நடக்கும் கொடுமை வெளியில் வராமல் இருப்பதற்குச் சட்டம் இல்லாதது காரணமல்ல. சட்டம் இருக்கிறது. பிள்ளைகளின் வெட்கம்தான் அந்த இல்லங்களுக்குப் பூட்டாகவும் காவலாகவும் இருக்கிறது. பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்த்தவர்கள், அவர்களுக்காகக் கேள்வி கேட்கும் உரிமையை வாசலில் விட்டுவிட்டு வருவதில்லை. இதை எமது ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள்?

முதலில் எம்மீது நாமே சுமத்திக்கொள்ளும் பழியைப் பார்ப்போம். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதிலேதான் அடுப்பு, பிள்ளைகளின் படிப்பு, மகன் மருமகள் படுக்கை எல்லாம். இடுப்பு முறிந்து படுத்துவிட்ட ஒரு தாயை அங்கே வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒருவர் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். நின்றால் அன்றைய பேர் விழாது. மூத்தவன் கொழும்பில் கடையில் நிற்கிறான், இளையவள் மத்திய கிழக்கில் இன்னொருவர் வீட்டுக் கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருக்கிறது, முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. கழிப்பறையோ லயத்துக்கு வெளியே, படி இறங்கிப் போக வேண்டும்.

இந்த நிலையில் ஒரு குடும்பம் ஊழியர் சேமலாப நிதியிலும் சேவைக்காலப் பணத்திலும் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு டவுனில் உள்ள ஓர் இல்லத்தைத் தேடிப் போகிறது. அந்தக் குடும்பத்துக்குப் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? எல்லாரும் அப்படியல்ல, பெற்றோரைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் சட்டம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறோம். ஆனால் காசு கட்டி, வேலைக்கிடையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவரும் பிள்ளைகள் குற்றவாளிகள் போலத் தலைகுனிந்து நிற்பதும், காசை வாங்கிக்கொண்டு அம்மாவைக் கட்டிலில் கட்டிப்போட்டவர் நிமிர்ந்து நடப்பதும் நியாயமா?

எமது பக்கத்துத் தவறு

இங்கே சங்கமும் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அம்மா இறப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அவருடைய மகன் தோட்டத் தலைவரிடம் போயிருக்கிறார். "அம்மா எலும்பும் தோலுமா கிடக்குதுங்க தலைவரே, கேட்டா விரட்டுறாங்க" என்று சொல்லியிருக்கிறார். தலைவர் எமது காரியாலயத்துக்குப் போன் பண்ணினார். இங்கிருந்து கிடைத்த பதில், "சேர்விஸ் முடிஞ்சவங்க, இது தொழில் பிணக்கு இல்லையே" என்பதுதான்.

செக்ரோலில் இருந்து பெயர் வெட்டப்பட்டதும் சந்தா நின்றுவிடுகிறது. சந்தா நின்றதும் எமது பதிவிலிருந்தும் அந்தத் தாய் காணாமற்போகிறார். 38 வருடங்கள் மாதந்தவறாமல் சந்தா கட்டியவருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுக்க எமக்கு நேரம் இருக்கவில்லை. அன்றே ஒரு முறைப்பாடு போயிருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பாரா என்று எமக்குத் தெரியாது. கேட்க ஆள் இருக்கிறது என்று அந்த இல்லத்துக்காவது தெரிந்திருக்கும். இனி இந்தப் பதிலை எமது எந்தக் காரியாலயமும் சொல்லக்கூடாது.

எது கொடுமை, எது கவனயீனம்?

"வயசானா புண்ணு வரத்தான் செய்யும்" என்று இல்லக்காரர் சொல்வார். இது முழு உண்மையல்ல. எழும்ப முடியாதவரை ஒரே பக்கமாகப் படுக்கவைத்தால் உடல் அழுந்தும் இடத்தில் இரத்தம் ஓடாமல் தோல் செத்துப் புண்ணாகும். சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, ஈரத்துணியை உடனே மாற்றுவது, போதிய சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பது ஆகியவை பெரும்பாலும் அதைத் தடுக்கும். சிலருக்கு நோய் காரணமாக எவ்வளவு பார்த்தாலும் புண் வரலாம். ஆனால் எலும்பு தெரியுமட்டும் அது வளரும்வரை மருந்து கட்டாமலும், டொக்டரிடம் காட்டாமலும், வீட்டாருக்குச் சொல்லாமலும் இருந்ததற்கு வயது காரணமாகாது.

அடிப்பது மட்டும் கொடுமை அல்ல. சாப்பாடு குறைப்பது, சிறுநீர் போகும் என்று தண்ணீர் கொடுக்காமல் விடுவது, கட்டிப்போடுவது, அறையில் பூட்டுவது, தூங்குவதற்கு மருந்து கொடுத்து எந்நேரமும் மயக்கத்தில் வைப்பது, பிரஷர் சீனி மருந்துகளை ஒழுங்காகக் கொடுக்காதது, கெட்ட வார்த்தையால் ஏசுவது, தமிழில் பேசுவதைக் கிண்டல் செய்வது எல்லாம் கொடுமையே.

பணக் கொள்ளை இன்னொரு வகை. அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் "பத்திரமாக வைக்க" என்று வாங்கிக்கொள்வார்கள். எமது தாய்மாரில் பலர் கைநாட்டு வைப்பவர்கள். வெறுந்தாளில் பெருவிரல் அடையாளம் வாங்கினால் அது நாளை அற்றோனித் தத்துவமாகவும் மாறலாம், மரண சாசனமாகவும் மாறலாம். முதியோர் கொடுப்பனவு யார் கைக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2011இல் அது திருத்தப்பட்டது. 60 வயதை அடைந்த எல்லாரும் அந்தச் சட்டத்தின்படி முதியோர். முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவை. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும், இலவசமாக நடத்தினாலும் காசுக்கு நடத்தினாலும், பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "உங்கள் பதிவு இலக்கம் என்ன?" என்பதுதான். அம்மாவைச் சேர்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

டொக்டர், நேர்ஸ் வைத்து நோயாளியைப் பார்க்கும் நேர்சிங் ஹோம் என்றால் அது 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டத்துக்குள் வரும். அதைப் பற்றித் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிடம் முறையிடலாம்.

அடிப்பதும் காயப்படுத்துவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். சட்டவிரோதமாக அடைத்துவைப்பதும் குற்றம். நம்பி ஒப்படைத்த பணத்தையும் பொருளையும் கையாடுவதும், கவனயீனமான செயலால் மரணத்தை விளைவிப்பதும் குற்றங்களே. "இது எங்கள் இல்லத்து உள்விவகாரம்" என்று எந்த நிர்வாகியும் சொல்ல முடியாது. "நாங்கள் தர்மத்துக்கு நடத்துகிறோம்" என்பதும் பதிலாகாது. தர்மச் சோறு போடுகிறவருக்கும் கட்டிப்போட உரிமை கிடையாது.

குற்ற வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. கவனயீனத்தால் ஏற்பட்ட பாதிப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். பொதுவாக அதற்குரிய காலம் 2 வருடங்கள். அந்த எல்லை தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழக்கு நிற்காது.

இல்லம் அரசாங்கத்துடையதாகவோ மாகாண சபையுடையதாகவோ இருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான முறையில் எவரையும் நடத்தக்கூடாது என்று அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சொல்கிறது. அரச அதிகாரிகள் அதை மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். இதற்குக் காலம் 1 மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. துக்கம் கழியட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கதவு மூடிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

"நீங்கள் கேஸ் போட்டால் பெற்றோரைக் கைவிட்டதற்கு உங்கள்மேல்தான் கேஸ் வரும்" என்று சில இல்லக்காரர் மிரட்டுவதாகக் கேள்விப்படுகிறோம். பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக்கூடாது, பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று முதியோர் சட்டம் சொல்வது உண்மைதான். வசதி இருந்தும் பார்க்காத பிள்ளைகளிடமிருந்து வாழ்க்கைப்படி கேட்டு முதியவர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கவும் முடியும். அது முதியவரைக் காக்க வந்த ஏற்பாடு. இல்லக்காரர் செய்த குற்றத்தை அது எந்த வகையிலும் மன்னிப்பதில்லை. இந்த மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

பார்க்கப் போகும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். ஒரு முறை காலையில் போங்கள், ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அம்மாவோடு தனியாகப் பேசுங்கள். பின்முதுகு, இடுப்பு, குதிகால், மணிக்கட்டு ஆகியவற்றைப் பாருங்கள். உதடும் நாக்கும் காய்ந்திருக்கிறதா, துணி ஈரமா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். "நல்லா இருக்கேன்" என்று அம்மா சொன்னாலும் சொல்லும்போது யாரைப் பார்க்கிறார் என்று பாருங்கள். கண்டதை ஒரு கொப்பியில் திகதி, நேரத்தோடு எழுதுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். காசு கட்டிய பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள்.

சந்தேகம் வந்தால் முதல் வேலை ஆளைக் காப்பாற்றுவது. சண்டை பிடிப்பதற்கு முன் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். புண் எங்கே, எப்படி வந்தது என்று நீங்கள் அறிந்ததை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது டிக்கெட்டில் பதிவாகும். அடித்த காயமோ கட்டிய தடமோ இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். அவருடைய அறிக்கைதான் பின்னால் நீதிமன்றத்தில் பேசும்.

அடுத்தது பொலிஸ். இல்லம் இருக்கும் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், அல்லது தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எழுத மறுத்தால் மேலதிகாரியிடமும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் எழுத்தில் முறையிடலாம். பொலிஸ் அசையவே இல்லையென்றால் ஒரு சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றத்தில் தனிப்பட்ட பிராது தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது.

அதே கிழமையில் ஒரு கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கும், அங்குள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும், மாகாண சமூக சேவைகள் திணைக்களத்துக்கும், முதியோருக்கான தேசிய செயலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். பதிவுத் தபால் துண்டு கையில் இருந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. அந்த இல்லம் பதிவு செய்யப்பட்டதா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகங்களிடம் கேட்கலாம்.

லோயருக்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். வசதி குறைந்தவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நாடு முழுவதும் பல நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் இருக்கின்றன. ஆலோசனை கேட்கலாம், வருமானம் குறைந்தவர் என்று காட்டினால் வழக்குக்குச் சட்டத்தரணியும் கிடைப்பார். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்படுத்தல், சம்பளத் துண்டு, ஆஸ்பத்திரிப் பத்திரங்கள், படங்கள், பற்றுச்சீட்டுகள், முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றோடு போனால் ஒரே பயணத்தில் வேலை முடியும்.

இறந்துவிட்டால்

இதைச் சொல்ல மனம் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். இல்லத்திலிருந்து வரும் உடலில் சந்தேகப்படும்படி எதையாவது கண்டால் அவசரப்பட்டு அடக்கம் செய்யாதீர்கள், எரிக்கவே வேண்டாம். பொலிஸுக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும் அறிவித்துப் பிரேத பரிசோதனை கேளுங்கள். "அம்மாவை வெட்ட விடமாட்டோம்" என்று சொல்லும் மனது எமக்குப் புரிகிறது. ஆனால் அந்த உடல்தான் கடைசிச் சாட்சி. புதைத்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை, நீதவானின் கட்டளையோடு தோண்டி எடுத்துப் பரிசோதிக்கலாம். நாள் போகப்போக அது கடினமாகும்.

கவரில் காசு கொடுத்து "முறைப்பாடு இல்லை" என்று எழுதி வாங்கினால் குற்றம் மறைந்துவிடாது, பொலிஸ் விசாரணையை அந்தத் தாள் தடுக்காது. கையெழுத்து வைத்துவிட்டோமே என்று ஒதுங்கிப்போகாமல், எந்த நிலையில் வைத்தீர்கள் என்பதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன மகனுக்கும் இதைத்தான் சொன்னோம். சில சிறு குற்றங்கள் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே இணங்கிப்போகும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இணங்காவிட்டால் இணக்கமில்லை என்ற சான்றிதழோடு வழக்கு மேலே போகும்.

இல்லத்தில் வேலை செய்யும் எமது பிள்ளைகளுக்கு

கொழும்பிலும் கண்டியிலும் இந்த இல்லங்களில் வேலை செய்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 18, 20 வயதில் பயிற்சி எதுவும் இல்லாமல் போய், இரவு பகலாக அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு வேலை செய்கிறார்கள். இரவில் இருபது பேரை ஒரு பிள்ளை தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் யாரைத் திருப்பிப் படுக்கவைப்பது, யாருக்குத் தண்ணீர் கொடுப்பது? கட்டிப்போடச் சொல்வது முதலாளி, கட்டும் கை எமது பிள்ளையுடையது. பிரச்சினை வந்தால் முதலில் மாட்டிக்கொள்வதும் அந்தப் பிள்ளைதான்.

ஆகவே கோபத்தை வேலைக்காரப் பிள்ளைமேல் மட்டும் கொட்டிவிட்டு முதலாளியைத் தப்பவிடக்கூடாது. முறைப்பாட்டில் உரிமையாளரின் பெயர் வர வேண்டும், இரவில் எத்தனை பேர் வேலையில் நின்றார்கள் என்ற கேள்வி வர வேண்டும். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கண்டதைத் திகதியோடு குறித்து வையுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். சாட்சிகளை மிரட்டுவது குற்றம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் சம்பளத்துக்கு ஈ.பி.எப். கட்டுகிறார்களா என்பதையும் கேளுங்கள். நீங்களும் தொழிலாளர்தான், உங்களுக்கும் இந்தச் சங்கம் இருக்கிறது.

சங்கம் செய்ய வேண்டியது

பேசி முடித்துக் கலைவதற்காக இதை எழுதவில்லை. எமது கருத்தில் சங்கம் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு கிளையிலும் ஓய்வுபெற்ற அங்கத்தவர்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். லயத்தில் யார், பிள்ளையோடு வெளியூரில் யார், எந்த இல்லத்தில் யார் என்று அதில் இருக்க வேண்டும். சந்தா நின்றதும் பெயரை வெட்டும் பழக்கம் இன்றோடு முடியட்டும்.

மாதர் குழுத் தலைவிகள் மாதம் ஒருமுறை, எமது முதியோர் இருக்கும் இல்லங்களுக்கு இரண்டு மூன்று பேராகப் போய்வர வேண்டும். மிரட்டவோ சண்டை பிடிக்கவோ அல்ல, ஒரு பை பழமும் நாலு நல்ல வார்த்தையும் கொண்டுபோனால் போதும். வெளியிலிருந்து ஆள் வந்துபோகும் கட்டிலில் கிடப்பவரை யாரும் எளிதில் கட்டிப்போட மாட்டார்கள். ஒழுங்காக நடத்தும் இல்லங்களும் இருக்கின்றன, அவர்கள் இந்த வருகையை வரவேற்பார்கள்.

மாவட்டக் காரியாலயங்களில் மாதத்தில் ஒரு நாள் இதற்கென ஒதுக்கி, முறைப்பாடு எழுதிக் கொடுக்கவும், சட்ட உதவி நிலையத்துக்குக் கூட்டிப்போகவும் ஒருவர் இருக்க வேண்டும். எழுதத் தெரியாததால் ஒரு குடும்பம் நியாயத்தை இழக்கக்கூடாது.

பதிவு செய்யப்பட்ட இல்லங்களின் பட்டியலை மூன்று மொழியிலும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்ட வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். தோட்டங்களில் முதியோர் பகலில் தங்குவதற்கு ஓர் இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்று கம்பனிகளோடு பேசும் மேசையில் வைக்க வேண்டும். பிள்ளை மடுவம் வேண்டும் என்று ஒரு காலத்தில் கேட்டவர்கள் இந்தத் தாய்மார்தான். அன்று அவர்கள் எமக்காகக் கேட்டார்கள், இன்று அவர்களுக்காக நாம் கேட்கிறோம்.

அந்த மகளிடம் மறுபடி போனோம். கொப்பியொன்றில் நினைவிருப்பதையெல்லாம் எழுதச் சொன்னோம். குளிப்பாட்டிய மூன்று பெண்களும் தாங்கள் கண்டதைச் சத்தியக்கடதாசியில் சொல்ல முன்வந்திருக்கிறார்கள். முறைப்பாடு போயிருக்கிறது, சட்டத்தரணியும் பார்த்திருக்கிறார். முடிவு என்னவாகும் என்று இப்போது சொல்ல முடியாது, தாமதமான வழக்கு கடினமான வழக்கு. "ஊரு எங்களத்தானே கேக்கும்" என்று சொன்ன அதே பெண், இப்போது பெரட்டுக்களத்தில் மற்றப் பெண்களிடம், "ஒங்க அம்மா எந்த ஹோம்ல இருக்காங்க? எப்பப் போய்ப் பாத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தோழர்களே, இந்த இதழை வாசித்து முடித்ததும் உங்கள் லயத்திலிருந்து யார் யார் இல்லங்களில் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயர்களைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவரையாவது போய்ப் பாருங்கள்.